எடையும் தராசும்

லைட்வெயிட் குத்துச்சண்டை வீரருள் தலைசிறந்தவர் யாவர்? வட்டக்கானலில் இளைஞர் சிலர் இதுபற்றி வாதாடினர். பனாமாவின் ராபர்ட்டோ டுரான் என்றார் ஒருவர்; பென்னி லெனார்ட் என்றார் மற்றவர். இருவரும் எண்ணியது வெற்றிகளையே. அவ்வெண்ணிக்கையோ நடுவர் தீர்ப்பை நம்பி நிற்பது.

அரபியில் எடைக்கு ‘வஸ்ன்’, தராசுக்கு ‘மீஸான்’; வேர் ஒன்றே. தராசு பிழைத்தால் எடை என்னாவது? 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டின் 60 கிலோ அரையிறுதியில் மணிப்பூரின் சரிதா தேவி தோற்றதாக நடுவர் தீர்த்தனர். கண்டோர் பலர் அதனை ஏற்கவில்லை. பரிசளிப்பு மேடையில் அவர் தம் வெண்கலப் பதக்கத்தை, தம்மை வென்றதாக அறிவிக்கப்பெற்ற கொரிய வீராங்கனையின் கழுத்தில் அணிவித்தார். பின்னர் மன்னிப்புக் கேட்டும் ஓராண்டுத் தடை பெற்றார்.

அவர் முறையீடு நியாயமே என்பேன். தீர்ப்பெழுதாத அப்பெண்ணின் கழுத்தில் அதனைச் சுமத்தியது நியாயமன்று. ஏட்டில் இவ்விரண்டும் இல்லை. தோல்வி ஒன்று மட்டுமே உள்ளது.