தும்பாட்டில் என்ன இருக்கிறது

"சுயநலமா இருக்காதீங்க பாட்டி." மூன்று வருடத்துக்கு முன்னால் போனில் நான் சொன்னது இது.

அக்காவுக்குப் பிள்ளை பிறந்து விடுப்பு முடியப்போகும் நேரம். பாட்டி வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் என்று வீட்டில் முடிவு செய்திருந்தோம். அவரிடம் கேட்கவில்லை, முடிவு செய்திருந்தோம். தோட்டத்தில் பால்மரம் சீவி ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர், அப்புறம் பேரப்பிள்ளைகளில் எங்கள் நான்கு பேரையும் வளர்த்தவர். அப்போது அவருக்கு 69 வயது. தோட்டத்துச் சிநேகிதி ஒருவரோடு ரயிலில் தும்பாட் வரைக்கும் போகணும், வழியில் இறங்கித் தங்கித் தங்கிப் போகணும், ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும் என்றார். கிமாஸில் பிரிந்து பஹாங், கிளந்தான் காடுகளுக்குள் போகும் அந்தத் தடம் 1931இல் முழுமையானது. அதன் கடைசி ஸ்டேஷன் தும்பாட். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. நேர்த்திக்கடனும் இல்லை.

"அங்க என்ன பாட்டி இருக்கு?"

"தெரியல. அதான் பாக்கணும்."

இதற்குத்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். பாட்டி போகவில்லை.

மறந்தே போயிருந்ததை மறுபடி கிளறிவிட்டவர் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. போன வருடம் லங்காவியில் ஒரு படகுத்துறைக்கு சோலார் வேலையாகப் போயிருந்தேன். பாய்மரப் படகில் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் படகைக் கரையேற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, சில வாரம் விமானத்தில் சொந்த ஊர் போய்வருவார்கள். திரும்பி வந்து ஜனவரி, பிப்ரவரி வடகிழக்குக் காற்றில் இந்தியப் பெருங்கடலைத் தாண்டுகிறவர்களும் உண்டு. இவர் நியூசிலாந்துக்காரர், கணவரை இழந்தவர். மகள் வீட்டில் ஆறு வாரம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். பேட்டரியைச் சோதித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

மகள் வீட்டில் ஒரு கோப்பைத் தண்ணீரில் எல்லாத் தட்டையும் கழுவி முடித்துவிடுவாராம். மகள் வந்து குழாயை முழுசாகத் திறந்துவிட்டுப் போவாளாம், ஒரு வார்த்தை பேசாமல். கடலில் காவல் பார்த்த பழக்கத்தில் ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். எழுந்து கதவு, ஜன்னல் எல்லாம் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வருவார். ஐந்து வயதுப் பேரனும் எழுந்து பின்னாலேயே வருவான். இரண்டு பேரும் ஜன்னலோரம் நின்று ஆளில்லாத தெருவைப் பார்ப்பார்கள். "ஒன்னும் இல்ல, எல்லாம் பத்திரம்" என்று அவன் அறிக்கை கொடுத்தபிறகு இரண்டு பேரும் தூங்கப் போவார்கள்.

தினமும் சாயங்காலம் அவன் கேட்பானாம், "இன்னும் எத்தனை நாள்?" இவர் சரியான எண்ணைச் சொல்வார். பத்தொன்பது. பதினெட்டு. குறைத்தோ கூட்டியோ சொன்னதில்லை. "அவன் அழ மாட்டானா?" என்றேன். "அழுவான். நானும்தான்" என்றார். அப்புறம் பேட்டரியைப் பற்றிக் கேட்டார்.

திரும்பும் ஃபெரியில் முதலில் எனக்கு வந்தது கோபம். மூன்று மணிக்கு ஜன்னலோரம் நின்ற பிள்ளை, அவர் போன மறுநாளும் மூன்று மணிக்கு எழுந்திருப்பான் இல்லையா? அந்த இரவுக்கு யார் பொறுப்பு?

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற தத்துவவாதி ஒரு கட்டுரையில், குடும்பத்தை விட்டு ஓவியம் வரையப் போகும் கோகானைப் பற்றி யோசிக்கிறார். போனது சரியா தப்பா என்பதைப் போகும்போது யாராலும் சொல்ல முடியாது, பெரிய ஓவியனாக ஆனால்தான் அவனுக்கு ஒரு நியாயமாவது கிடைக்கும், அப்போதும் விடப்பட்டவர்களின் குறை குறையாகவே இருக்கும் என்பது அவர் வாதம். நாம் அப்படித்தான் நடந்துகொள்கிறோம். ஜீன் சாக்ரடீஸ் (பெயரிலேயே தத்துவம்!) 2013இல் 70 வயதில், தனியாக, எங்கும் நிற்காமல், யாருடைய உதவியும் வாங்காமல் 259 நாளில் பாய்மரப் படகில் உலகைச் சுற்றினார். 2019இல் 77 வயதில் மறுபடியும் சுற்றினார். இவரையும் செய்திகளில் 'பாட்டி' என்றுதான் எழுதினார்கள், ஆனால் பெருமையோடு. சாதனை இருந்தால் மன்னித்துவிடுகிறோம்.

நம்மிடமும் ஊர் சுற்றும் பாட்டி ஒருவர் இருக்கிறார். ஔவை. கதையின்படி அவர் கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கியவர். இளமையைக் கொடுத்துத்தான் நடக்கும் உரிமையை வாங்க முடிந்திருக்கிறது. உலகத்துக்கே பாட்டி என்கிறோம், ஆனால் பேரப்பிள்ளை என்று ஒருவரும் இல்லை. "எப்ப வீட்டுக்கு வர்றீங்க?" என்று கேட்க ஆளில்லாத ஒருத்தியைத்தான் நிம்மதியாகக் கொண்டாடுகிறோம் என்று தோன்றுகிறது.

என் பாட்டிக்குச் சாதனையும் கிடையாது, பாட்டும் கிடையாது. நியூசிலாந்துப் பாட்டிக்கும்தான். சும்மா பார்க்கப் போகிறவர்கள். அந்தச் 'சும்மா'தான் எனக்குப் பொறுக்கவில்லை. கோயிலுக்கு என்று சொல்லியிருந்தால் நானே டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அப்ப நான் வேலையை விட்டிருக்கணுமா? ஒனக்கு எழுதறதுக்கு நல்லாதான் இருக்கும்." அவள் சொன்னதில் தப்பில்லை. பிள்ளைக் காப்பகத்துக்குக் கொடுக்க அப்போது அவர்களிடம் பணம் இல்லை. பாட்டி வந்ததால்தான் அந்த வீடு நின்றது. அவளுக்குப் பதில் என்னிடம் இப்போதும் இல்லை. அத்தானையோ, மாமாக்களையோ, என்னையோ நோக்கி ஏன் அந்தக் கேள்வி திரும்பவே இல்லை என்று மட்டும் கேட்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இன்னொன்று உறுத்துகிறது. இந்த மூன்று வருடத்தில் அக்கா வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். பாட்டி அடுப்படியில் இருப்பார், இல்லையென்றால் பிள்ளையோடு இருப்பார். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அதைத் தாண்டி என்ன பேசினோம் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. அவர் எங்கேயும் போகப்போவதில்லை என்பதால் நாங்கள் யாரும் நாளை எண்ணவில்லை. ஆறு வாரத்துக்கு வந்துபோன அந்தப் பாட்டியைப் பேரனுக்கு மூன்று மணி இருட்டிலும் தெரிந்திருக்கிறது.

போன மாதம் கேட்டேவிட்டேன். பாட்டி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். முட்டியில் தைல வாசம்.

"பாட்டி, தும்பாட் போலாமா?"

நிமிர்ந்து பார்க்கவில்லை. பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டார். மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

"அவளுக்கு முட்டி இன்னும் மோசம்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. சிநேகிதியைச் சொல்கிறார். அடுத்த உருண்டையை உருட்டினார்.

"அந்த ரயில்ல கக்கூஸ் இருக்கா?"