ஆடிட்டருக்குத் தைரியம் எங்கிருந்து வரும்?

நம் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் கணக்குப் படிப்புப் படித்து, ஆடிட்டர் அலுவலகங்களில் வேலைக்கு அமர்கிறார்கள். கௌரவமான தொழில், நல்ல வரும்படி என்று பெற்றோர் மகிழ்கிறார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்தத் தொழிலின் பாரம் இன்னதென்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிறர் எழுதிவைத்த கணக்கைப் பரிசோதித்து, இது உண்மை நிலையைக் காட்டுகிறது என்று கையொப்பமிடுகிறவரே ஆடிட்டர். அந்தக் கையொப்பத்தை நம்பி பாங்கி கடன் கொடுக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் ஆயுட்காலச் சேமிப்பைப் பங்குகளில் போடுகிறார். ஆனால் ஆடிட்டருக்குக் கூலி கொடுப்பது யார்? எந்தக் கம்பெனியின் கணக்கைப் பார்க்கிறாரோ அதே கம்பெனி! 1896-ம் வருடம் இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை வழக்கில் நீதிபதி லோப்ஸ், ஆடிட்டர் காவல் நாயே தவிர வேட்டை நாய் அல்ல என்று தீர்ப்புரைத்தார். எல்லாரையும் திருடரென்று சந்தேகிக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. சரிதான். ஆனால் சோறு போடுகிற கையே திருடும்போது, காவல் நாய் குரைக்குமா? இதுவே கேள்வி.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்துக் கிளின்டன் என்னும் ஊரில் வொர்ல்ட்காம் என்ற பெரிய டெலிபோன் கம்பெனி இருந்தது. பிற கம்பெனிகளின் கம்பிகளை உபயோகிப்பதற்கு அது மாதாமாதம் வாடகை கொடுத்து வந்தது. அந்த வாடகையைச் செலவென்று எழுதாமல், சொத்து வாங்கியதாக எழுதிவைத்தார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை கொடுத்துவிட்டு, வீட்டையே விலைக்கு வாங்கியதாக ஒருவன் சொல்லிக்கொண்டால் எப்படியிருக்கும்? அப்படித்தான். நஷ்டம் மறைந்தது, லாபம் தோன்றியது. வெளி ஆடிட்டர்கள் குறை சொல்லாமல் ஒப்புக்கொண்ட கணக்கு அது.

கம்பெனியின் உள் தணிக்கைப் பிரிவுக்குத் தலைவியாயிருந்தவர் சிந்தியா கூப்பர் என்ற மாது. 2002-ம் வருடம் அவருக்குச் சந்தேகம் தட்டிற்று. நிதித் தலைமை அதிகாரியோ, தணிக்கையைச் சில மாதம் ஒத்திவைக்கும்படி சொன்னார். அம்மாது ஒத்திவைக்கவில்லை. தம் சகாக்களோடு இரவில் கண்விழித்துக் கணக்குகளைத் துருவி, கண்டதை இயக்குநர் சபையின் தணிக்கைக் குழுவிடம் ஒப்படைத்தார். ஜூன் 25-ல், 380 கோடி டாலர் பொய்க் கணக்கு என்று கம்பெனியே அறிவிக்க நேர்ந்தது. ஜூலையில் திவாலாயிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். கணக்கைப் புரட்டியவர்களின் குற்றமே அது, வெளிப்படுத்தியவரின் குற்றமல்ல.

அதே கம்பெனியின் கணக்குப் பிரிவில் இன்னொரு பெண்மணி இருந்தார். 2000-ம் வருடம் அவரைக் கணக்கை மாற்றி எழுதச் சொன்னார்கள். முதலில் தயங்கினார், ராஜினாமா செய்யவும் நினைத்தார். இந்த ஒரு தடவை மட்டும் என்று மேலதிகாரிகள் சமாதானம் சொல்ல, குடும்பத்தை எண்ணி எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு தடவை பல தடவையாயிற்று. பின்னர் நீதிமன்றத்தில் உண்மையைச் சொன்னார். ஆயினும் 2005-ல் அவருக்கு ஐந்து மாதச் சிறை விதிக்கப்பட்டது.

முந்தியவர் நல்லவர், பிந்தியவர் கெட்டவர் என்று சுலபமாய்ச் சொல்லிவிடாதீர்கள். இருவர் சம்பளத்தையும் குடும்பம் நம்பியிருந்தது. பிந்தியவருக்கும் மனச்சாட்சி உறுத்தியது. அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஒருவருக்குத் துணைநிற்கச் சகாக்கள் இருந்தார்கள். மேலதிகாரியைத் தாண்டி முறையிட ஒரு வழியும் இருந்தது. மற்றவரோ முதல் அடியை எடுத்து வைத்துவிட்டார். பிறகு ஒவ்வொரு முறையும் மறுப்பது, முன் செய்ததை ஒப்புக்கொள்வதாகவும் ஆகிவிட்டது.

ஆகவே இத்தொழிலில் இறங்கும் இளைஞர்களே, தைரியம் சோதனை நாளில் திடீரென்று வானத்திலிருந்து விழுவதில்லை. அதை முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும்.

முதலாவது, அற்பத்தில் உறுதியாயிருங்கள். எண்ணிப் பாராத சரக்கை எண்ணியதாகக் குறிக்காதீர்கள். நூறு ரூபாய் வவுச்சரில் கண்ணை மூடிப் பழகியவனுக்கு நூறு கோடியில் கண் திறக்காது.

இரண்டாவது, கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே தேதியிட்டு எழுதி வையுங்கள். பயந்தவனுடைய ஞாபகம் தடுமாறும், காகிதம் தடுமாறாது.

மூன்றாவது, தனியாகப் பாரம் சுமக்காதீர்கள். தொழிலில் மூத்தவர், நேர்மையாளர் ஒருவரைத் தேடிக்கொண்டு, நெருக்கடி வருமுன்பே அவரோடு பழகுங்கள். சட்டத்தின் துணையும் உண்டு. நம் நாட்டில் 2013-ம் வருடத்துக் கம்பெனிச் சட்டப்படி, ராஜினாமா செய்யும் ஆடிட்டர் 30 நாட்களுக்குள் அதன் காரணத்தைக் கம்பெனிப் பதிவாளருக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். ஓசையின்றி விலகித் தன்னை மட்டும் காத்துக்கொண்டால் போதாது என்பதே சட்டத்தின் எண்ணம்.

நான்காவது புத்திமதி பெற்றோருக்கும், மனைவிக்கும், கணவனுக்கும். ஆடிட்டரை அச்சுறுத்துவது முதலாளி மட்டுந்தானா? வீட்டுக் கடன், கார்த் தவணை, அண்டை வீட்டாரைப் பார்த்துச் செய்த ஆடம்பரம், இவையும் அவர் காதில் "கையொப்பம் போடு" என்று சொல்லுகின்றன. ஆறு மாதம் சம்பளமின்றித் தாக்குப்பிடிக்கக்கூடிய குடும்பம், தன் பிள்ளைக்கு "முடியாது" என்று சொல்லும் பலத்தைக் கொடுக்கிறது.

"இதெல்லாம் சொல்ல நன்றாயிருக்கிறது, வேலை போய்விட்டால் யார் சோறு போடுவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலை போகாது என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. நேர்மைக்காக வேலை இழந்தவர்கள் உண்டு. ஆனால் அந்த நாளில் அவர் வீட்டுக்கு வரும்போது கதவைத் திறப்பவர் என்ன சொல்லப்போகிறார்? "பிழைக்கத் தெரியாதவன்" என்றா, "வா, சாப்பிடு, சமாளித்துக்கொள்வோம்" என்றா? இதை இன்றே குடும்பமாய் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அந்த முடிவு உங்கள் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.