பொது இல்லமும் உயர்ந்த உணவும்

'பப்' என்று நாம் சுருக்கமாக அறிந்துள்ள ஆங்கிலச் சொல்லின் முழு வடிவத்தைத் தமிழாக்கினால் 'பொது இல்லம்' என்றே வரும். நம் சங்க நூல்களிலும் ஊரார் கூடும் இடத்திற்குப் 'பொதியில்' என்றொரு பெயர் உண்டு. அதனைப் பொது, இல் என்று பிரித்துப் பொருள் கொள்வர். தொலைவில் வாழ்ந்த இரு மக்கள் ஒரே வகையில் பெயரிட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது. மது அருந்துதல் தக்கதா என்னும் வினாவை, கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரிடம் விட்டுவிடுவோம். இங்கு நாம் ஆராயப் புகுவது வேறொன்று. பொது என்று பெயர் பெற்ற ஓர் இடம் தன் தரத்தை உயர்த்திக்கொண்டே போனால், அது பொதுவாகவே நிலைத்திருக்க இயலுமா?

இங்கிலாந்தின் பழைய பப்பில் உணவுக்கு முதன்மை இருந்ததில்லை. உருளைக்கிழங்கு வறுவல், காடியில் ஊறிய முட்டை, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி என்ற அளவில் அது நின்றது. அங்கு விற்கப்பட்ட பெரும் பொருள் இருக்கையே எனலாம். ஒரு குவளை பீருக்கு விலை கொடுத்தவர் மாலைப் பொழுது முழுவதும் அமர்ந்திருக்கலாம். எழுந்து போகுமாறு எவரும் குறிப்புக் காட்டமாட்டார். வேலை முடிந்த தொழிலாளிக்கும், வீட்டில் பேச்சுத் துணை இல்லாத முதியவருக்கும் அவ்விருக்கை பெரும் பேறாக இருந்தது. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ஆம் ஆண்டு நாளிதழ் ஒன்றில், தம் உள்ளத்துக்கு உகந்த ஒரு பப்பை விரிவாக வருணித்தார். மதுவைவிட அங்கு நிலவும் சூழலுக்கே அவர் முதலிடம் தந்தார். அப்படி ஒரு பப் உண்மையில் இல்லை என்பதையும் கட்டுரையின் முடிவில் ஒப்புக்கொண்டார்.

மாற்றம் சட்டத்தின் வழியாகவும் வந்தது. பெரிய மது ஆலைகள் ஆயிரக்கணக்கான பப்புகளைத் தம் உடைமையாக வைத்திருந்தன. 2,000-க்கு மேற்பட்டவற்றை வைத்திருந்த ஆலைகளின் பிடியை 1989-ஆம் ஆண்டின் அரசாணை தளர்த்தியது. அதன் பயனாகப் பல கட்டடங்கள் புதியவர் கைக்கு வந்தன. 1991-இல் மைக்கேல் பெல்பென், டேவிட் அயர் என்னும் இருவர் லண்டன் ஃபாரிங்டன் சாலையிலிருந்த 'ஈகிள்' என்ற பப்பை ஏற்று, அங்கேயே அடுப்பை மூட்டினர். ஒன்றோடொன்று பொருந்தாத நாற்காலிகள், கரும்பலகையில் எழுதிய உணவுப் பட்டியல், தென் ஐரோப்பியச் சுவை ஆகியவை அதன் அடையாளங்கள். 'காஸ்ட்ரோபப்' என்னும் புதுச்சொல் அதனையொட்டிப் பிறந்தது.

பின்னர் வந்தவர்கள் தம் மண்ணின் உணவுக்கே திரும்பினர். பருவத்தில் விளையும் கிழங்கும் கீரையும், அறிந்த பண்ணையிலிருந்து வரும் இறைச்சியும், விலங்கின் எந்த உறுப்பையும் வீணாக்காத சமையலும் அவர்களுடைய நெறிகள். 2003-இல் லண்டனில் தொடங்கிய 'ஆங்கர் அண்ட் ஹோப்' இவ்வழியில் பெயர் பெற்றது. தேம்ஸ் நதிக்கரையில் மார்லோ என்னும் ஊரிலுள்ள 'ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்', மிஷ்லின் கையேட்டின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பில் இரண்டு விண்மீன்களைப் பெற்றது. ஒரு பப் அச்சிறப்பை அடைந்தது அதுவே முதன்முறை.

இவ்வுயர்வைக் குறை கூறுமுன் அதன் நியாயத்தையும் கேட்டல் வேண்டும். உலகப் போர்க் காலத்து உணவுப் பங்கீடு அந்நாட்டில் 1954 வரை நீடித்தது. ஆங்கிலேயர் உணவு என்றால் சுவையற்றது என்று அயலார் நகைத்த காலமும் இருந்தது. தம் பாட்டிமார் சமைத்ததைத் தாழ்வாக எண்ணாமல், அதனைக் கற்றுத் திருத்திப் பெருமையுடன் பரிமாறியவர் செய்தது நற்பணியே. 2000-ஆம் ஆண்டளவில் ஐக்கிய இராச்சியத்தில் ஏறத்தாழ 60,000 பப்புகள் இருந்தன. இன்று 50,000-க்கும் குறைவு. பூட்டிக் கிடந்திருக்க வேண்டிய பல கதவுகளை உணவே திறந்து வைத்திருக்கிறது.

பழைய பப் எல்லார்க்கும் உரியதாக இருந்தது என்பதும் முழு உண்மையன்று. ஒரே கூரையின்கீழ் எளியோர்க்கு ஓர் அறை, வசதியுடையோர்க்கு விரிப்பிட்ட ஓர் அறை என்று பிரிவு இருந்தது. ஒரே பீருக்கு இரண்டாம் அறையில் விலை கூடுதல். லண்டன் ஃப்ளீட் தெருவில் 'எல் வினோ' என்னும் மதுவகம், மேடையருகே நின்ற பெண்களுக்குப் பரிமாற மறுத்து வந்தது. அது சட்டத்துக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1982-இல்தான். உணவு மேசை வந்தபின் பெண்களும் குழந்தைகளும் குடும்பமாக உள்ளே நுழைந்தனர். எனவே ஒரு கதவு குறுகியபோது மற்றொரு கதவு விரிந்தது என்பதே நேர்மையான கணக்கு.

ஆயினும் இக்கணக்கில் ஒருவர் விடுபட்டுப் போகிறார். அந்த முதியவரை நினைத்துப் பாருங்கள். அதே பெயர்ப்பலகை, அதே கணப்பு, புகை படிந்த அதே உத்திரங்கள். ஆனால் வாயிலில் ஒருவர் புன்னகையுடன், "முன்பதிவு செய்திருக்கிறீர்களா?" என்று வினவுகிறார். அவர் அமர்ந்திருந்த மூலையில் இப்போது நால்வர் உண்ணும் மேசை. ஒரு குவளை பீரை வைத்துக்கொண்டு அதனை இரண்டு மணி நேரம் பிடித்திருந்தால் கடைக்கு நட்டம். அவரை எவரும் வெளியேற்றவில்லை. தமக்கு இனி அங்கே இடமில்லை என்று அவரே உணர்ந்து, நின்றுவிடுகிறார். செய்தவர் எவருமின்றி நேரும் இத்தகைய விலக்கமே அறநெறிக்குக் கடினமான சோதனை. சமைத்தவர் நன்மையே செய்தார். உரிமையாளர் பிழைக்க வழி தேடினார். உண்டவர் தாம் ஈட்டிய பொருளைச் செலவிட்டார். குற்றவாளி என்று எவரையும் சுட்ட இயலவில்லை. ஆனால் இழப்பு மட்டும் உண்மை.

ஆகவே உணவு உயர்ந்ததா, விலை கூடியதா என்பவற்றைக் கொண்டு ஓரிடத்தின் பொதுமையை அளத்தல் பொருந்தாது. மிகக் குறைந்த பொருளை வாங்குபவர் அங்கே கூச்சமின்றி எவ்வளவு நேரம் அமரலாம் என்பதே அளவுகோல். சிறந்த சமையலுக்குப் பெயர் பெற்றும், முன்பதிவு இல்லாத சில இருக்கைகளை ஒரு குவளை அருந்த வருவோர்க்கென்று ஒதுக்கும் பப், தன் பெயருக்கு உண்மையாக நடந்துகொள்கிறது. எல்லா நாற்காலிகளையும் உணவுக்கே விற்றுவிட்டது நல்ல உணவகமாக இருக்கலாம். அதில் இழிவு ஏதுமில்லை. 'பொது இல்லம்' என்னும் பெயர் மட்டும் அதற்குப் பொருந்தாது.

வணிகம் ஒன்றினால் மட்டும் இந்த இருக்கை காக்கப்படும் என்று நம்பியிருத்தலும் கூடாது. கம்பிரியாப் பகுதியிலுள்ள ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்னும் சிற்றூர் மக்கள், 2003-இல் தம் ஊரின் 'ஓல்ட் கிரௌன்' பப்பைக் கூட்டுறவு முறையில் தாமே விலைக்கு வாங்கினர். ஊர்ப் பயனுக்குரியதெனப் பட்டியலிடப்பட்ட கட்டடம் விற்பனைக்கு வரும்போது, அதனை வாங்க முயல்வதற்கு ஊராருக்குக் கால அவகாசம் தரும் சட்டம் இங்கிலாந்தில் 2011-இல் இயற்றப்பட்டது. பொதுவானது பொதுவாகவே நிலைக்க வேண்டுமாயின், பொதுமக்களும் தோள் கொடுத்தாக வேண்டும்.

நல்லுணவு உண்பது பிழையன்று. ஆயினும் அத்தகைய இடத்தில் உண்ண அமர்பவர் ஒருமுறை சுற்றிலும் நோக்கட்டும். தம்மைப் போல் விலை கொடுக்க வல்லவரே எல்லா நாற்காலிகளிலும் நிறைந்திருந்தால், வெளியே நின்றுவிட்டவர் யார் என்று எண்ணிப் பார்க்கட்டும். மூலையில் ஒரு குவளையுடன் ஒருவர் அமைதியாக அமர்ந்திருப்பாராயின், மேசை கிடைக்கத் தமக்குச் சற்றுத் தாமதமானாலும் மகிழட்டும். அந்த ஒருவர் அங்கே அமர்ந்திருக்கும்வரை, வாயிலில் எழுதிய பெயர் பொய்யாவதில்லை.