யாருடைய ஆண்டுகள்?

காலை ஏழு மணி. நாட்றம்பள்ளிச் சாலையோரத்தில் காலணித் தொழிற்சாலையின் வண்டி வந்து நிற்கிறது. சோற்றுத் தூக்குடன் பெண்கள் ஏறுகிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் காத்திருக்கிறது, தையல் காத்திருக்கிறது. அவ்வண்டியிலே அன்றாடம் ஏறும் தாயொருவர், பத்தாம் வகுப்பில் தேறிய தம் மகளுடன் நம் முன் வந்து நின்றார்.

"சீக்கிரம் முடியற படிப்பா ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார் தாய். "கணக்கு குரூப்பு எடுக்கணும் சார்" என்றாள் மகள்.

தாய் கேட்டது விரைவு; மகள் கேட்டது ஆழம். இரண்டுக்கும் நடுவே, கையிலே பட்டத்துடன் நாம்!

விரைவைப் போற்றுவது நம் நாட்டிலே பழைய வழக்கம். 'டபுள் புரமோஷன்' வாங்கிய பிள்ளையைப் பற்றித் திண்ணைதோறும் பெருமை பேசுவார்கள். சர் சி.வி. இராமனை எடுத்துக் காட்டுவார்கள்: 11 வயதில் மெட்ரிகுலேஷன், 1904-இல் பி.ஏ.! உண்மைதான். ஆனால், அவருடைய தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த கல்லூரி ஆசிரியர் என்பதைச் சொல்வார் இலர். பி.ஏ. முடித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியிலேயே தங்கி, 1907 வரை எம்.ஏ. பயின்று, ஆய்வுக்கூடத்திலே தம் விருப்பப்படி ஆராய்ந்தார்; முதற் கட்டுரை 1906-இல் வெளிவந்தது. விரைந்து வந்தவருக்கு, வந்த இடத்தில் அமர்ந்து ஆழ்ந்திட வசதியும் இருந்தது!

அதே 1904-இல், கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார் இராமானுஜன். கணிதத்திலே மூழ்கினார், மற்றப் பாடங்களிலே தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. பின்னர் பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எப்.ஏ. தேறவில்லை. ஏடும் எழுத்தும் புழங்கிய வீட்டின் வறுமைக்கே இந்தக் கதி என்றால், எழுத்தே எட்டிப் பார்க்காதிருந்த குடிசையின் வறுமைக்கு என்ன கதி?

ஆகவே, வியப்பை விடுத்துக் கணக்கைப் பார்த்தோம். பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக் 3 ஆண்டு, பட்டயம் பெற்றபின் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் மேலும் 3, ஆக 6. மேல்நிலைப் பள்ளி 2, பொறியியல் 4, அதுவும் 6! விரைவு என்று எண்ணியதிலே ஓராண்டும் மிச்சமில்லை. ஆயினும் முதல் வழியின் நடுவிலே ஒரு கதவு திறக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் சம்பளம் கிடைக்கக் கூடும். ஏழைக்கு அந்தக் கதவு அற்பமன்று. ஆனால் 15 வயதிலே தொழிலைத் தேர்ந்துவிட்ட பெண்ணுக்குக் கணிதத்தைக் கணிதமாகவே கற்கும் வழி குறுகிப் போகும்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, கணிதம் முதலாகப் பாடங்களை இரு தரங்களில் வைக்கலாம் என்றது. கேட்க இனிமைதான். உயர்ந்த தரம் எந்தப் பள்ளிக்கு வரும், எளிய தரம் எந்தப் பள்ளியோடு நின்றுவிடும் என்பதை ஊகிக்கப் பெரும்புலமை வேண்டுமா? 'எல்லோர்க்கும் ஒரே பாடம்' என்று மேடையிலே முழங்கியவர்கள்தாம் நாமும். எனினும், முதற் பத்து நிமிடத்தில் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, எஞ்சிய நேரமெல்லாம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்த இந்தப் பெண்ணிடம் அம்முழக்கத்தைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அவளைக் காத்திருக்க வைத்ததன் பெயர் சமத்துவம் அல்லவே!

"ஆழமாகப் படி" என்று அறிவுரை கூறுதல் எளிது. அதற்கு விலை தருவது யார்? நாமா? தையல் எந்திரத்தின் முன் வளைந்திருக்கும் தாயின் முதுகன்றோ தருகிறது! பிறர் வீட்டு ஆண்டுகளைச் செலவிட ஆசிரியனுக்கு ஏது உரிமை? அன்றியும், பெற்றோரின் வறுமை மகள் தீர்த்தாக வேண்டிய கடனா? பெண் என்பதால் அவள்மீது அக்கடனை இன்னும் எளிதாக ஏற்றிவிடுகிறோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நாம் ஆழத்தின் பக்கம்தான். ஆனால் அதை அன்று சொல்லவில்லை. இரு வழிகளின் ஆண்டுக் கணக்கையும், செலவையும், நடுவிலே திறக்கும் கதவையும் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் படித்துக் காட்டினோம். தாய் அதை மடித்து எடுத்துச் சென்றார். நான்கு நாள் கழித்து, மகளை மேல்நிலை வகுப்பில் சேர்க்க வந்தார்.

இப்போது மாலை வேளைகளில், பாடநூலுக்கு அப்பாலும் ஒரு மணி நேரம் அவளுக்குக் கணக்கு நடக்கிறது. வண்டியிலிருந்து இறங்கி நேரே பள்ளி வாயிலுக்கு வருகிறார் தாய். பாதிக் கணக்கிலே மகள் எழுந்தால், "இரு, முடிச்சிட்டு வா" என்று படியிலே அமர்ந்துகொள்கிறார்.