அப்பாவின் படத்தை அங்கே வைத்துவிட்டு வரலாமா?

தாய்லாந்தின் காஞ்சனபுரியிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஹெல்ஃபயர் பாஸ். இரண்டாம் உலகப் போரில் சம்மட்டியாலும் உளியாலும் வெடிமருந்தாலும் மலையைப் பிளந்து தாய்லாந்து–பர்மா ரயிலுக்கு வழி விட்ட இடம். இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் எலும்பும் தோலுமாய் வேலை செய்தவர்களைப் பார்த்து, நரகம் இப்படித்தான் இருக்கும் என்று போர்க்கைதிகள் வைத்த பெயர் அது. ரயில் இன்று அங்கே ஓடுவதில்லை. பாறை இடுக்குகளில் சின்னக் கொடிகளும், பாப்பிப் பூக்களும், மரச் சிலுவைகளும், லேமினேட் செய்த புகைப்படங்களும் செருகப்பட்டிருக்கும். அந்த முகங்களின் மகன்களும் மகள்களும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வந்து வைத்துவிட்டுப் போனவை. ஒரு மழைக்காலம் போதும், லேமினேஷனின் ஓரம் பிரிந்து தண்ணீர் இறங்கிவிடும். படத்தில் சிவப்பு முதலில் போகும். முகம் நீலம் பாரிக்கும். அதை இன்னும் எவ்வளவு நாள் விட்டுவைப்பது, எப்போது எடுத்துப் போடுவது என்ற முடிவு அப்புறம் மகன் கையில் இல்லை. பாதையைப் பெருக்கும் தாய்லாந்துக்காரர் கையில் இருக்கிறது.

பெற்றவர்களின் நினைவாக வெளிநாட்டில் ஒரு பொருளை விட்டுவருவது சரியா என்று கேட்டால், இதிலென்ன தப்பு என்றுதான் முதலில் தோன்றும். துக்கத்தில் இருப்பவரிடம் சட்டம் பேசுவது நாகரிகமில்லை. ஆனால் வருத்தம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அந்தப் பொருளை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறந்தவரை அந்த இடம் ஏற்கெனவே நினைவில் வைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முதலில் வாங்கிக்கொள்ளும் ஆள். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச்சுவர் 1982இல் எழுந்தபோது, அதனடியில் மக்கள் பொருள்களை வைப்பார்கள் என்று திட்டம் போட்டவர்கள் எதிர்பார்க்கவில்லை. பூட்ஸும், கடிதங்களும், பதக்கங்களும் வந்து குவிந்தன. தேசியப் பூங்காத் துறை அவற்றைக் குப்பை என்று ஒதுக்கவில்லை. சேகரித்துப் பட்டியலிட்டுக் காப்பகத்தில் வைத்தது. இன்று அந்தத் தொகுப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. அங்கே ஒரு பிள்ளை அப்பாவின் தொப்பியை வைத்தால், அதை ஒருவர் கையில் கொடுத்ததாகவே ஆகும்.

ஸ்காட்லாந்தின் மலைகளில் கதை வேறு. மலை ஏறுவதில் பிரியம் கொண்டிருந்த தந்தையின் அஸ்தியைச் சிகரத்தில் தூவுவது பிள்ளைகளுக்கு மிகப் பொருத்தமாகவே தோன்றியிருக்கும். ஆனால் சத்தில்லாத அந்த உச்சி மண்ணில்தான் அரிய மலைச்செடிகள் வளர்கின்றன. சாம்பலின் பாஸ்பேட் மண்ணின் தன்மையையே மாற்றிவிடுகிறது என்பதால், பெயர்பெற்ற சிகரங்களில் தூவ வேண்டாம் என்று அங்குள்ள மலையேற்ற மன்றம் 2006இல் கேட்டுக்கொண்டது. தூவிய ஒவ்வொருவரும் ஒரு பிடிதான் தூவியிருப்பார்கள். பாரிஸின் போன் தெஸார் பாலத்தில் பூட்டு மாட்டிய ஒவ்வொரு காதல் ஜோடியும் ஒரு பூட்டுதான் மாட்டியது. 2014இல் கைப்பிடிக் கம்பித் தடுப்பின் ஒரு பகுதி சரிந்தது. மறு ஆண்டு கழற்றிய பூட்டுகளின் எடை சுமார் 45 டன். காதலையும் துக்கத்தையும் ஒன்றாகப் பேசுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் ‘என்னுடையது ஒன்றுதானே’ என்ற சமாதானம் இரண்டிலும் ஒன்றுதான்.

இன்னொரு கேள்வி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது; அதை யாரும் பேசுவதில்லை. அப்பாவின் கைக்கடிகாரம் யாருடையது? அம்மாவின் மூக்குத்தி? நாலு பிள்ளைகளில் எவரிடம் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டுக்குப் பணமும் இருக்கிறதோ அவர்தான், பெரும்பாலும், எதை எங்கே விட்டுவருவது என்று முடிவுசெய்கிறார். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் வரும். கண்கலங்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இனி அந்தக் கடிகாரத்தைத் தொட முடியாது என்பதைச் சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறார்கள். மரியாதை செய்தது ஒருவர். இழந்தது நாலு பேர். இறந்தவரே கேட்டிருந்தால் வேறு விஷயம். கேட்காதபோது, பயணம் போகிறவரின் மனநிறைவுக்கு அப்பாவின் பெயர் சூட்டப்படுகிறது.

இதற்கு மேல் போய், எதையுமே விட்டுவரக் கூடாது என்று முடித்துவிடலாம். நம் சடங்குகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாய்கின்றன. எள்ளும் தண்ணீரும் ஆற்றோடு போகும், பிண்டத்தைக் காக்கை கொத்தும், அஸ்தி கரையும். அடுத்தவருக்கு எடுத்துப்போடும் வேலை அதிகம் மிஞ்சுவதில்லை. நடுகல் இருக்கிறதே என்றால், அது ஊரார் தங்கள் மண்ணில் தாங்களே நட்டது.

ஆனால் அதே ஹெல்ஃபயர் பாஸ் இந்த முடிவுக்கு இடம் கொடுப்பதில்லை. 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர்களில் ஏறக்குறைய 7 ஆயிரம் பேர் வரிசையாகக் கிடக்கிறார்கள். அடையாளம் தெரிந்தவர் ஒவ்வொருவருக்கும் வெண்கலத் தகட்டில் பெயரும் படைப்பிரிவும். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பேச்சே கிடையாது. போர்க் கல்லறை ஆணையம் முதல் உலகப் போர்க் காலத்திலேயே எடுத்த முடிவு அது. தங்கள் விருப்பப்படி நினைவுச் சின்னம் வைக்க அனுமதி கேட்டுப் போராடிய குடும்பங்களுக்கு அப்போது அது கொடுமையாகப் பட்டது. இன்று பார்த்தால் அதுதான் நியாயம். கைதிகளின் மருத்துவராக இருந்த எட்வர்ட் டன்லப் 1993இல் காலமானார். அவர் அஸ்தியின் ஒரு பகுதி மறு ஆண்டு ஹெல்ஃபயர் பாஸுக்குக் கொண்டுவரப்பட்டது. பொதுவாகச் சொன்னால், வெள்ளைக்காரக் கைதிகளை அந்த மண் நன்றாகவே நினைவு வைத்திருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் இன்னொரு கொடியைச் செருகாமல் வந்தாலும் அப்பா மறைந்துபோக மாட்டார்.

அதே பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90 ஆயிரம் பேர் என்பது பலரும் ஏற்கும் மதிப்பீடு. அவர்களில் பெருந்தொகையினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் பிடித்தும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். காலரா வந்தபோது மொத்தமாக எரித்தார்கள், குழி தோண்டித் தள்ளினார்கள். தகடு இல்லை, பெரும்பாலோருக்குப் பட்டியலில் பெயர்கூட இல்லை. ‘சயாமுக்குப் போனார், திரும்பல’ என்பதே பல தோட்டத்துக் குடும்பங்களிடம் மிஞ்சிய வரலாறு. இந்த வீட்டுப் பேரனோ பேத்தியோ அந்தப் பாறை இடுக்கில் ஒரு படத்தை வைத்தால், அதையும் கொடியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அங்கே அது சாட்சியம். இன்னார் இருந்தார், இங்கே செத்தார் என்று சொல்ல வேறு எவரும் முன்வராத இடத்தில், அடுத்தவர் மண் என்ற தயக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே மதிப்புக் கொடுக்கலாம்.

கொஞ்சம் குறைவாக என்றுதான் சொல்ல முடியும். பாறை இடுக்கில் வைத்த சாட்சியமும் மழையில் நீலம் பாரிக்கத்தான் செய்யும். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்துக்கு அருகிலேயே தாய்லாந்து–பர்மா ரயில்பாதை பற்றிய ஆய்வு மையமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், தோட்டம், எந்த வருஷம் போனார், யாரோடு போனார் என்று எழுதிய தாளோடு படத்தின் நகலை அங்கே கொண்டுபோய்க் கொடுத்து, வைத்துக்கொள்வீர்களா என்று கேட்கலாம். அவர்கள் சரி என்றாலும் மூலப் படத்தைத் திருப்பி எடுத்துவந்துவிட வேண்டும். நம் தாத்தாவுக்கு என்ன ஆயிற்று என்று நாளைக்குக் கேட்கப்போகிற பிள்ளைக்குக் காட்ட, அந்த வீட்டில் அதைத் தவிர வேறொன்றும் இருக்காது.