நூலிழையின் நீளம்

2018 ஜூலையில் ஒரு சிறிய இணையச் செய்தித் தளத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்தேன். ஏஜென்சிகளில் வரும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதி, தலைப்பு வைத்துப் போடுவதுதான் வேலை. அந்த மாதம் 10ஆம் தேதி பெங்களூரு வான்பகுதியில் இரண்டு இண்டிகோ விமானங்கள் ஆபத்தாக நெருங்கிவிட்டன. ஒன்று கோயம்புத்தூரிலிருந்து ஹைதராபாத்துக்கு, மற்றது பெங்களூருவிலிருந்து கொச்சிக்கு. இரண்டிலும் சேர்த்து 328 பயணிகள். நான் வைத்த தலைப்பு: ‘நடுவானில் 200 அடி நெருக்கத்தில் விமானங்கள்: நூலிழையில் தப்பிய 328 உயிர்கள்!’ அன்றைக்கு எங்கள் தளத்தில் அதிகம் படிக்கப்பட்டது அதுதான்.

இரண்டு நாள் கழித்து அப்பா அதை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. கீழே ஒரு வரி: “பாப்பா, திருச்சி டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு.”

அப்பா ஜொகூரில் கேலாங் பாத்தா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர். 1977 டிசம்பர் 4 இரவு, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் போன மலேசிய விமானம் கடத்தப்பட்டு, அங்கிருந்து அதிக தூரமில்லாத தஞ்சோங் கூப்பாங் சதுப்பில் விழுந்தது. 100 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அப்பா அப்போது பள்ளிக்கூடப் பையன். பெரியவர்கள் பேசியதைக் கேட்டதோடு சரி. அதுவே ஆயுசுக்கும் போதுமாக இருந்தது. ஜொகூர் பாருவில் அவர்களுக்கான நினைவிடம் இருக்கும் கெபுன் தே சாலையில் வண்டி போனால் பேச்சை நிறுத்திவிடுவார். ஐம்பது தாண்டிய பிறகுதான் முதல்முறையாகப் பறக்கச் சம்மதித்திருந்தார். 69க்குப் பிறகு குடியுரிமை இல்லாமல் ஊர் திரும்பியவர்களோடு போன அவருடைய அக்காவைப் பார்ப்பதற்காக.

நான் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. 200 அடி என்பது உயரத்தில் இருந்த இடைவெளி. அதே ஏஜென்சி செய்தியில் இன்னொரு எண்ணும் இருந்தது: பக்கவாட்டில் நான்கு மைல். அதைத் தலைப்பில் மட்டுமல்ல, செய்தியிலும் விட்டுவிட்டேன். மறதியில் விட்டது இல்லை. நான்கு மைல் என்று சொன்னால் நூலிழை அறுந்துவிடும்.

அதற்காக அந்தச் சம்பவம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த உயரத்தில் விமானங்களுக்கு இடையே 1,000 அடி உயர வித்தியாசமோ, பொதுவாக ஐந்து கடல் மைல் தூரமோ, இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும். அன்று இரண்டுமே இல்லை. நேருக்கு நேர் வந்தால் நான்கு மைல் கால் நிமிடத்தில் கரைந்துவிடும். அந்த நேரத்தில் விமானிகளை எச்சரித்தது டீகாஸ் என்னும் கருவி. இரண்டு விமானங்களிலும் இருக்கும் கருவிகள் தங்களுக்குள் பேசி, ஒன்றை மேலே ஏறச் சொல்லும், மற்றதைக் கீழே இறங்கச் சொல்லும். 1996 நவம்பர் 12 அன்று, டெல்லிக்கு அருகில் சர்கி தாத்ரி வானில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகுதான் இந்தியா அந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. பெங்களூருவில் 328 பேரைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம் இல்லை. முன்பு செத்தவர்களிடமிருந்து கற்ற பாடம். ‘நூலிழை’ என்று எழுதியபோது அந்த 349 பேரையும் நான் அழித்துவிட்டேன்.

‘அப்படியானால் பத்திரிகை வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?’ என்று கேட்கலாம். கூடாது. 2022 ஜனவரியில் அதே பெங்களூருவில் இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒன்றை ஒன்று நெருங்கின. ரேடாரில் பார்த்த ஒருவர் விலக்கிவிட்டார். ஆனால் எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. பல நாள் கழித்துத்தான் செய்தியாக வெளியே வந்தது. மௌனமும் ஆபத்துதான்.

ஆனால் அந்த மௌனத்தில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. வான்பயணம் பாதுகாப்பானதற்கு ஒரு காரணம், ‘நான் தப்பு செய்தேன்’ என்று விமானியும் கட்டுப்பாட்டாளரும் தாமே எழுதிக் கொடுப்பது. அமெரிக்காவில் நாசா 1976 முதல் அப்படிப்பட்ட அறிக்கைகளைப் பெயர் வெளியிடாமல் வாங்கிவருகிறது. நாளைக்கு அது ‘மரண பீதி’ என்று தலைப்பாகும் என்றால் எவன் எழுதிக் கொடுப்பான்?

பயம் காட்டுவது தப்பில்லை. சரியான அளவில் காட்ட வேண்டும். என்ன தவறியது, எது தாங்கிப் பிடித்தது, அடுத்த முறையும் அது பிடிக்குமா? இந்த மூன்றையும் சொன்னால் படிக்கிறவர் தானே முடிவெடுப்பார். நான் அப்பாவுக்காக முடிவெடுத்துவிட்டேன்.

அத்தை 2019இல் இறந்தார். அப்பா கைப்பேசியில் வீடியோ காலில் கடைசியாக முகம் பார்த்தார். காரியம் முடிந்த பிறகு ஒருநாள் சொல்லிவிட்டேன், அந்தச் செய்தி நான் போட்டதுதான் என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை.

“நீ எழுதினது நெசந்தானே?”

“நெசந்தாம்பா.”

“அப்புறம் என்ன?”

என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிக் கேட்டார். அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.