பிறர் வேலிப் பூவும் சிவபூசையும்

மயிலாப்பூரில் இளவேனிலின் வரவை முதலில் அறிவிப்பன மரங்களே. கபாலீச்சரத்துப் பங்குனிப் பெருவிழாவுக்கு மாடவீதிகளிற் பந்தலிடும் நாளிலே, சந்துகளில் நிற்கும் வேம்புகள் பழைய இலை உதிர்த்துச் செந்தளிர் பூண்டு வெண்பூச் சொரியத் தொடங்கும். குயில் விடியுமுன் கூவும்; மல்லிகை மலிந்து பூக்காரர் குரல் மிகும். விழாவின் 8-ஆம் நாள் பூம்பாவையார் உயிர்பெற்றெழுந்தமை கொண்டாடப்படும். அவரை அரவு தீண்டியதும் மலர்கொய்யச் சென்ற சோலையிலே என்பது நினைக்கத்தக்கது. சித்திரை பிறந்தபின், அடுக்குமாடி வீடுகளின் மதில்மேற் சரக்கொன்றை பொற்சரமாய்த் தொங்கும். கொன்றை சிவபெருமான் சூடும் மலராதலின், அதனைக் கண்ட சைவர்க்குக் கை குவிதல் இயல்பே. குவிந்த கை பறிக்கவும் நீளுமிடத்தே ஒரு வினா எழுகின்றது.

வைகறையில் குடலையும் துறட்டுக்கோலும் ஏந்தி, பிறர் மதிலுக்கு வெளியே வளைந்து நிற்கும் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி முதலியவற்றை வீட்டார் எழுமுன் பறித்துச் செல்வோர் பலர். விற்பதற்கன்று, பூசைக்கென்றே பறிக்கின்றனர். அங்ஙனம் பறித்த பூ பூசைக்கு ஆகுமோ?

ஆகும் என்பார் கூறுமாறு: உலகனைத்தும் பதியின் உடைமை, உயிர்கள் அவனுக்கு அடிமை, அடிமைக்கு உடைமை ஏது? உடையான் பொருளை உடையானுக்கே இடுவதிற் களவு யாது? இக்கூற்று சித்தாந்தம் போலவே தோன்றும். ஆயினும், தம் வீட்டு மாங்கனியை அயலான் இந்நியாயமே கூறிப் பறிப்பின் இவர் பொறுப்பரோ? கொள்ளும்போது நினைவுக்கு வந்து, கொடுக்கும்போது மறந்துபோவது சித்தாந்தமன்று. அன்றியும், எல்லாம் அவனுடையதாயின், கொம்பில் நின்ற பூவும் அவன்பால் இருந்ததேயாம். பறித்திடுவதால் அவனுக்கு யாதும் மிகுவதின்று. இடுபவன் அன்பொன்றே புதிதாய்ச் சேர்வது. அவ்வன்பு அயலான் விழிப்பானோ என்னும் அச்சத்தோடு கலந்து வருமாயின், சேர்ந்தது யாது?

கண்ணப்பர் விதி நோக்கினாரோ என்று வினவுவாரும் உளர். அவர் குடுமியிற் செருகிக் கொணர்ந்த பூவைப் பெருமான் ஏற்றது மெய்யே. அவர் கடந்தது தூய்மைபற்றிய விதியை. பிறர் உரிமையை அன்று. அக்காட்டுப் பூ எவர் நட்டு நீர்வார்த்து வளர்த்ததுமன்று.

இவ்விடயத்தில் ஆழ்ந்து நோக்கத்தக்கது எறிபத்தர் வரலாறு. கருவூரில் சிவகாமியாண்டார் இறைவனுக்கெனக் கொண்டுசென்ற பூவை அரசனது பட்டத்து யானை பறித்துச் சிந்தியது. எறிபத்தர் அவ்யானையையும் பாகரையும் வெட்டி வீழ்த்தினார். புகழ்ச்சோழரோ பிழை தமதெனக் கருதித் தம் வாளையே நீட்டி, தம்மையும் கொல்லுமாறு வேண்டினார். பிறரொருவர் பெருமானுக்கென வைத்த பூவை அவர் கையினின்று நீக்குதல் எத்துணைப் பெரும்பிழை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? மதிலருகே நிற்கும் செம்பருத்திக்கு நாடோறும் நீர்வார்த்த மூதாட்டி ஒருத்தி, நாளைய பூசைக்கென முதல்நாள் மாலையே மொக்குகளை எண்ணி வைத்திருத்தல் கூடும். விடிந்து வந்து வெறுங்கொம்பைக் காண்பாளாயின், கருவூரில் யானை செய்ததே இங்கும் நிகழ்ந்தது. யானைக்காயினும் மதம் இருந்தது.

பூப்பறித்தலே ஆகாதென்று, தாயுமானவர் மலரினுள்ளும் இறைவனைக் கண்டு பறிக்க மனம் ஒருப்படாமையை எடுத்துக்காட்டுவார் சிலர். அஃது அவர் நின்ற நிலை. பூவிலைக்கு அஞ்சுவார் அதனைத் துணைக்கொள்ளுதல் நகைப்புக்கு இடமாம். புகலூரில் முருகநாயனார் நாடோறும் பூக்கொய்து மாலை தொடுத்தே வீடு பெற்றார். ஆதலின் பறித்தல் குற்றமன்று. அகப்பூசைக்குரிய 8 மலர்களுள் கொல்லாமையோடு வாய்மையும் எண்ணப்பட்டமையின், அகத்தே அம்மலர் வாடியிருக்கப் புறத்தே செம்பருத்தி குவித்தல் பூசையாகாதென்பதே கருத்து.

வீட்டாரைக் கேட்டுப் பறித்தலில் இழிவொன்றுமில்லை. பூசைக்கென்று கேட்டால் மறுப்பவர் அரியர். மறுப்பாராயின் பச்சிலையும் நீரும் உள. இரவில் எடுத்த பூவையும் அரும்பையும் பூசைக்கு ஆகாவென விதிநூல்கள் விலக்கியிருத்தலின், இருளிற் பறிப்பார் அதனையும் கடந்தவராவர். தெருவோர மரங்களுக்கு வீட்டுக்காரர் இல்லையாயினும் வண்டும் புள்ளும் உள. இன்று கொம்பில் விட்ட வேப்பம்பூ ஆனி ஆடியிற் பழமாகிக் குயிலுக்கு உணவாம். கொன்றையிற் கைக்கெட்டிய இரண்டு சரம் ஒரு வீட்டுப் பூசைக்கு அமையும். அதற்குத் துறட்டுக்கோல் வேண்டுவதில்லை.